கற்பனையான சீன ரகசியச் சங்கத்துக்கு விதிகள் எழுதுவது எப்படி?

நீங்கள் கேட்டது இது: 1870களின் பினாங்குத் துறைமுகத்தில் நடக்கும் ஒரு நாவல் எழுதுகிறீர்கள். அதில் 'கருநாரைச் சங்கம்' என்று ஒரு கற்பனையான சீனக் குற்றக் கும்பல் வருகிறது. அதன் ஆட்களுக்குப் பத்து நடத்தை விதிகள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அவை நம்பும்படி இருக்கின்றனவா என்று தெரிய வேண்டும். பத்தையும் படித்தேன். தலைவன் சொல்லை மீறாதே, போலீஸிடம் வாய் திறக்காதே, கொள்ளையில் பங்கை மறைக்காதே, துரோகிக்கு மரணம் என்று எல்லாமே ஒரே திசையில் ஓடுகின்றன. எனக்கு இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. குற்றம் செய்து பிழைப்பவர்களுக்கு ஒழுக்க விதி எதற்கு, அதை அவர்கள் உண்மையிலேயே மதித்தார்களா? அதற்கு விடை கிடைத்துவிட்டால் விதிகளை எழுதுவது பெரிய வேலை இல்லை. அதனால் அந்தக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன்.

என் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நான் பினாங்கில் நீண்ட காலம் வரலாறு கற்பித்தவன். நீரிணைக் குடியேற்றங்களில், அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் காலனியில் இருந்த சீனச் சங்கங்கள் பற்றிய காலனி ஆவணங்களோடும் ஆய்வுகளோடும் பழகியவன். சீன மூலங்களை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். ஆகவே சடங்குப் பாடல்களின் சொல்நயம் பற்றி என்னால் பேச முடியாது. சங்கம் எப்படி இயங்கியது, யார் ஏன் சேர்ந்தார்கள் என்பது பற்றிக் கொஞ்சம் உறுதியோடு பேசலாம்.

நீங்கள் மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டியது தியாந்திஹுய், அதாவது வானமும் பூமியும் சங்கம். உறுப்பினர்கள் தங்களை ஹொங் குடும்பம் என்பார்கள். டிரையட் என்பது ஆங்கிலேயர் வைத்த பெயர். 1760களின் தொடக்கத்தில் ஃபூஜியன் மாகாணத்தின் ஜாங்பு வட்டாரத்தில், ஒரு குவான்யின் கோயிலில், தீஷி என்ற துறவி இதைத் தொடங்கினார் என்பது அன்று சீனாவை ஆண்ட சிங் அரசின் ஆவணக் காப்பகங்களை ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு. அரசு இதைப் பெரிதாகக் கவனித்தது 1787இல், தைவானில் லின் ஷுவாங்வென் தலைமையில் கலகம் வெடித்தபோதுதான். அப்போது பிடிபட்டவர்களில் ஒருவர் யான் யான், துணி வியாபாரி. அவருடைய வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. மக்கள் ஏன் இதில் சேர்கிறார்கள் என்பதற்கு அவர் சொன்னதன் சாரம் இதுதான்: கல்யாணம், சாவு என்று வந்தால் மற்ற உறுப்பினர்கள் பணம் கொடுத்து உதவுவார்கள். யாரோடாவது அடிதடி என்றால் துணைக்கு ஆள் வரும். வழியில் கொள்ளையர் மறித்தால், சங்கத்தின் குறியைச் சொன்னதும் விட்டுவிடுவார்கள். நாமே புதியவர்களைச் சேர்த்துவிட்டால் அவர்களிடமிருந்து காணிக்கையும் கிடைக்கும்.

உங்கள் நாவலுக்கு இந்த நான்கு காரணங்களைவிட உதவக்கூடியது எதுவும் இல்லை என்பேன். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வழிப்பறி செய்பவனும் சங்கத்தில் இருக்கிறான், அவனிடமிருந்து தப்ப நினைக்கும் வியாபாரியும் அதே சங்கத்தில் இருக்கிறான். சந்தா கட்டி வாங்கும் பாதுகாப்பும், அந்தப் பாதுகாப்பைத் தேவையாக்கும் மிரட்டலும் ஒரே கூரைக்குக் கீழ் வாழ்ந்தன. குற்றக் கும்பல், உதவிச் சங்கம் என்று இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கதை அங்கேயே பொய்யாகிவிடும்.

சரி, விதிகளுக்கு வருவோம். ஹொங் குடும்பத்தில் சேருபவர் 36 உறுதிமொழிகள் எடுக்க வேண்டும். இவற்றுக்குப் பல படிகள் கிடைத்திருக்கின்றன. 1863இல் சுமத்ராவின் பாடாங் நகரில் டச்சுப் போலீஸார் ஒரு சீனர் வீட்டைச் சோதனை போட்டபோது சங்கத்தின் கைப்பிரதிகள் அகப்பட்டன. அவற்றைப் பெரிதும் வைத்து குஸ்தாவ் ஸ்லேகல் என்ற டச்சு அறிஞர் 1866இல் ஒரு விரிவான நூலை வெளியிட்டார். அதில் 36 உறுதிமொழிகள் தவிர 72 சட்டங்கள், 21 ஒழுங்குகள், 10 தடைகள் என்று தனித்தனித் தொகுதிகள் இருக்கின்றன. 36, 72 என்ற எண்கள் தாவோ மரபின் விண்மீன் கணக்கிலிருந்து வருபவை, இரண்டையும் கூட்டினால் 108. ஹாங்காங்கில் 20ஆம் நூற்றாண்டில் பதிவான வடிவமும் பெரும்பாலும் இதே சாயலில்தான் இருக்கிறது.

இந்த 36இல் என்ன இருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். ஹாங்காங் வடிவில் முதல் உறுதிமொழி, சகோதரனின் பெற்றோரையும் உறவினரையும் என் சொந்த உறவாக நடத்துவேன் என்பது. அடுத்தது, சகோதரன் வீட்டுச் சாவுக்குப் பணமோ உழைப்போ கொடுப்பேன் என்பது. அதற்கு அடுத்தது, வீடு தேடி வரும் சகோதரனுக்குச் சாப்பாடும் படுக்க இடமும் தருவேன் என்பது. அப்புறம், பயணத்துக்குக் காசில்லாமல் தவிப்பவனுக்கு வழிச்செலவு கொடுப்பது, நம்பி ஒப்படைத்த மனைவி மக்களைக் காப்பது, சகோதரனின் மனைவி, தங்கை, மகள் மீது கை வைக்காதது, அவன் பணத்தைக் கையாடாதது, வெளியாரோடு கூட்டுச் சேர்ந்து சூதாட்டத்தில் அவனை ஏமாற்றாதது. நீங்கள் எதிர்பார்க்கும் ரகசியம் காக்கும் விதியும் காட்டிக்கொடுக்காத விதியும் இருக்கின்றன, ஆனால் அவை இந்தக் கூட்டத்துக்கு நடுவில் வருகின்றன. எப்படிக் கொள்ளையடிப்பது, எப்படிப் பங்கு பிரிப்பது என்பதைப் பற்றி மூச்சே இல்லை. ஹொங் குடும்பத்தின் பலத்தை வைத்து மற்றவர்களை நசுக்கக் கூடாது என்று ஓர் உறுதிமொழிகூட உண்டு.

என் வாசிப்பு இது: ஒவ்வொரு விதியும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு துரோகத்தைக் காட்டுகிறது. யாரும் செய்யாத காரியத்துக்கு யாரும் தடை எழுதுவதில்லை. பினாங்கிலோ சிங்கப்பூரிலோ அன்று வந்திறங்கிய சீனத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். புதிதாக வந்தவனை சின்கே என்பார்கள். கப்பல் கட்டணமே கடன். அந்தக் கடனை முதலாளி அடைத்து, அவனை வேலைக்கு எடுத்துக்கொள்வார். ஆண்கள் மட்டுமே நிறைந்த குடியிருப்பில் ஒரு பலகைக் கட்டில், ஒரு மரப்பெட்டி. ஊரில் குலம் பார்த்துக்கொண்ட எல்லாவற்றுக்கும் இங்கே ஆள் இல்லை. காய்ச்சலில் செத்தால் யார் பெட்டி வாங்குவது, யார் ஊதுபத்தி கொளுத்துவது? சடங்கு இல்லாமல் புதைக்கப்பட்டவன் பசித்த ஆவியாக அலைவான் என்ற அச்சம் அவனுக்கு நிஜமானது. சங்கம் அந்த இடத்தை நிரப்பியது. ரத்த உறவு இல்லாதவர்களிடம் ரத்த உறவின் கடமைகளைக் கேட்க வேண்டியிருந்ததால்தான் அத்தனையையும் வாய்விட்டுச் சொல்லிச் சத்தியம் வாங்க வேண்டியிருந்தது. தம்பி தன் அண்ணன் பிணத்தைத் தூக்குவதற்கு ஊரில் உறுதிமொழி எதுவும் கேட்கமாட்டார்கள்.

சத்தியம் எப்படி வாங்கினார்கள் என்பதையும் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் வரைவில் விதிகள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியதுபோல இருக்கின்றன. சங்க வீட்டின் பலிபீடத்தில் அரிசி நிரப்பிய ஒரு மரப்படி இருக்கும். அதில் சிறு கொடிகள் குத்தியிருக்கும். கூடவே சிவப்பு விளக்கு, அளவுகோல், தராசு, கத்தரிக்கோல், கண்ணாடி, மணிச்சட்டம். மெய்யையும் பொய்யையும் பிரித்துக் காட்ட விளக்கு, நடத்தையை அளக்க அளவுகோல் என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்வார்கள். சேர வந்தவர்கள் குறுக்கே பிடித்த வாள்களுக்குக் கீழே குனிந்து நுழைவார்கள். முன்னோடி என்ற பதவிக்காரர் அவர்கள் சார்பில் நீண்ட கேள்வி பதில்களைப் பாட்டாகச் சொல்வார். உறுதிமொழிகளைப் படித்த பிறகு அவை எழுதிய மஞ்சள் தாளைக் கொளுத்துவார்கள். ஒரு சேவலின் தலையை வெட்டி, துரோகிக்கும் இதே கதி என்பார்கள். தாளின் சாம்பல், சேவல் ரத்தம், விரலைக் குத்தி எடுத்த ரத்தம் எல்லாம் மதுவில் கலந்து ஒரு கிண்ணத்தில் சுற்றி வரும். எல்லாரும் ஒரு வாய் குடிப்பார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எழுத்தை எரித்துக் குடித்துவிட்டால் விதி உடம்புக்குள் போய்விடுகிறது. தாள் புகையாக வானத்துக்கும் போய்விடுகிறது, சாட்சி வானமும் பூமியும். இது அந்தச் சங்கத்தின் விசித்திரமும் அல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த சில இடங்களில் நீதிமன்றங்களே சீனச் சாட்சிகளிடம் சேவல் தலையை வெட்டியும் தாளை எரித்தும் சத்தியம் வாங்கியிருக்கின்றன. அன்றைய தென்சீன மனிதனுக்கு அதைவிடக் கனமான சத்தியம் கிடையாது. 1877இல் சிங்கப்பூரில் சீனர் பாதுகாப்பு அலுவலகத்தின் தலைவரான வில்லியம் பிக்கரிங், சீன மொழிகள் பேசத் தெரிந்த அதிகாரி. நீரிணைக் குடியேற்றங்களில் ஹொங் மரபில் வந்த கீ ஹின் சங்கத்தின் சேர்ப்புச் சடங்கை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். ஓர் அரசு அதிகாரியை அழைத்து உட்காரவைத்துச் சடங்கு நடத்தும் அளவுக்கு அது அப்போது வெளிப்படையாக இருந்தது.

இதனால் உங்கள் வரைவில் ஒரு பெரிய திருத்தம் தேவைப்படுகிறது. 1870களின் பினாங்கில் இந்தச் சங்கங்கள் தலைமறைவாக இயங்கவில்லை. 1869இல் வந்த சட்டப்படி அவை பதிவு செய்துகொள்ள வேண்டும். சங்க வீடு எந்தத் தெருவில், தலைவர் யார் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். சங்கத் தலைவர்கள் பணக்கார வியாபாரிகளாகவும் கோயில் தர்மகர்த்தாக்களாகவும் இருந்தார்கள். நீரிணைக் குடியேற்றங்களில் முழுத் தடை 1889இல் சட்டமாகி 1890இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 'போலீஸிடம் வாய் திறக்காதே' என்பது உங்கள் சங்கத்தின் முதல் விதியாக இருக்க முடியாது. 'சகோதரனோடு வழக்கு என்றால் முதலில் சங்க வீட்டுக்கு வா, மாஜிஸ்திரேட்டிடம் பிறகு போ' என்பது அந்தக் காலத்துக்குப் பொருந்தும். காலனி அதிகாரிகள் இந்தச் சங்கங்கள் மீது வைத்த முக்கியமான குறையே, தங்கள் நீதிமன்றத்துக்குப் போட்டியாக இன்னொரு நீதிமன்றம் நடக்கிறது என்பதுதான்.

தண்டனைகளைப் பற்றி. உறுதிமொழிகளின் முடிவில் வரும் தண்டனைகள் பெரும்பாலும் வானத்திலிருந்து வருபவை: ஐந்து இடிகள் தாக்கிச் சாவேன், எண்ணற்ற வாள்களால் வெட்டுண்டு சாவேன் என்று. சட்டத் தொகுதியில் வரும் தண்டனைகள் வேறு ரகம். 36 அடி, 72 அடி, 108 அடி, காதை அறுத்தல் என்று அளவாகவும் நிறைவேற்றக்கூடியதாகவும் இருக்கும். இந்த இரண்டு அடுக்கையும் உங்கள் நாவலில் வையுங்கள். ஒருவன் இரவில் யார் வீட்டுக்குப் போனான் என்பதைச் சங்கம் கண்காணிக்க முடியாது, அதை இடிக்கு விட்டுவிடுகிறது. சந்தா கட்டாதவனையும் சண்டைக்கு வராமல் ஒளிந்தவனையும் எல்லாருக்கும் தெரியும், அவனுக்குப் பிரம்பு. எல்லாத் தப்புக்கும் மரணம் என்று எழுதினால் அந்தச் சங்கத்தில் ஆறு மாதத்தில் ஆளே மிஞ்சமாட்டார்கள்.

இனி முக்கியமான கேள்வி: மதித்தார்களா? இதற்கு உறுதியான பதிலும் உண்டு, சந்தேகமான பதிலும் உண்டு. உறுதியானது, சகோதரர்கள் ஒருவரை ஒருவர் கொன்றார்கள் என்பது. சிங்கப்பூரில் கீ ஹின் என்ற ஒரே பெயருக்குக் கீழே ஹொக்கியன், தியோசூ, கான்டனீஸ், ஹைனான் என்று மொழிவாரியான கிளைகள் இருந்தன. ஒரே பலிபீடத்து மரபு, ஒரே 36 உறுதிமொழிகள், ஆனால் தெருச் சண்டையில் எதிரெதிர் அணி. பேராக்கின் லாருட் ஈயச் சுரங்கங்களுக்காக கீ ஹின்னும் அதன் எதிரிச் சங்கமான ஹை சானும் 1861 முதல் விட்டுவிட்டு நடத்திய சண்டை, 1874இல் பங்கோர் உடன்படிக்கையும் பேராக்கில் பிரிட்டிஷ் தலையீடும் வரும்வரை ஓயவில்லை.

பினாங்கிலேயே 1867 ஆகஸ்டில் நடந்த கலவரத்தை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். ஒரு பக்கம் கீ ஹின், எதிரே துவா பெக் கொங் என்று மக்கள் சொன்ன கியான் தெய்க் சங்கம். இதில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. கீ ஹின்னோடு வெள்ளைக் கொடிச் சங்கமும், கியான் தெய்க்கோடு சிவப்புக் கொடிச் சங்கமும் கூட்டுச் சேர்ந்திருந்தன. அந்தக் கொடிச் சங்கங்களில் மலாய்க்காரர்கள், இந்திய முஸ்லிம், மலாய்க் கலப்பில் பிறந்த ஜாவி பெக்கான்கள் ஆகியோரோடு சூலியாக்கள் என்று அறியப்பட்ட தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். முஹர்ரம் ஊர்வலங்களைச் சுற்றி வளர்ந்த கொடிகள் சீனச் சங்கங்களின் பகையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டன. சுமார் பத்து நாள் ஜார்ஜ் டவுனின் தெருக்களில் தடுப்புப் போட்டுச் சண்டை நடந்தது, வீடுகள் எரிந்தன. பிறகு விசாரணைக் குழு வந்தது. நான்கு சங்கங்களுக்கும் ஆளுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கியான் தெய்க்கின் தலைவர் கூ தியான் தெய்க்குக்கு முதலில் மரண தண்டனை விதித்து, அப்புறம் சிறைத் தண்டனையாகக் குறைத்தார்கள். வெளியே வந்து மறுபடியும் பெரிய வியாபாரியாக இருந்தார். ஆயர் ஈத்தாமில் இன்றும் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

இந்தக் கலவரம் விதிகளைப் பற்றி எனக்குச் சொல்வது ஒன்றுதான். 36 உறுதிமொழிகளும் ஏறக்குறைய முழுக்கச் சகோதரனைப் பற்றியே பேசுகின்றன. வெளியாள் என்று வரும்போது, மற்றவர்களை நசுக்கக் கூடாது என்ற அந்த ஒரே ஓர் உறுதிமொழியைத் தவிர வேறு கடமை எதுவும் கிடையாது. ஒருவன் 36ஐயும் பிசகாமல் காத்துக்கொண்டே அடுத்த தெருக்காரனின் வீட்டுக்குத் தீ வைக்க முடியும். நல்லவன் கெட்டவன் என்ற கணக்கில் உங்கள் பாத்திரங்களை அடைக்க முடியாமல் போவது இதனால்தான். தன் சங்கத்துச் சின்கேக்குக் கஞ்சி ஊற்றிக் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டவனே மறுநாள் அரிவாளோடு நின்றிருப்பான்.

சந்தேகமானவை எவை என்றும் சொல்ல வேண்டும். சங்கத்தின் தோற்றக் கதை ஒன்று எல்லா இடத்திலும் வரும்: ஷாவோலின் மடத்துத் துறவிகள் சிங் பேரரசருக்குப் போரில் உதவினார்கள், பேரரசர் நன்றி மறந்து மடத்தை எரித்தார், தப்பிய ஐவரே சங்கத்தின் ஐந்து முன்னோர், சிங்கைக் கவிழ்த்து, அதற்கு முன் ஆண்ட மிங் வம்சத்தை மீட்பதே நோக்கம் என்று. மடத்தைக் காட்டிக்கொடுத்தவன் வரிசையில் ஏழாமவன் என்பதால் ஏழு என்ற எண்ணையே தவிர்ப்பார்கள் என்பதும் அந்தக் கதையோடு வருவதுதான். இதற்கு வரலாற்று ஆதாரம் கிடையாது. தொடக்ககால வாக்குமூலங்களில் பணம், பாதுகாப்பு, துணை என்பவைதான் அடிக்கடி பேசப்படுகின்றன. இந்தக் கதைக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று குவாங்சியில் 1811இல் பிடிபட்ட பிரதி. அது சங்கம் தோன்றி அரை நூற்றாண்டு கழித்து. பின்னால் புரட்சியாளர்கள் இந்தக் கதையைத் தங்களுக்கு வசதியாக எடுத்துக்கொண்டார்கள். சுன் யாட்சென் 1904இல் ஹோனலூலுவில் ஹொங் சங்கத்தில் சேர்ந்தார். கடல்கடந்த ஹொங் மரபில் பிறந்த சிகோங் கட்சி இன்றும் சீனாவில் அரசு அங்கீகரித்த கட்சிகளில் ஒன்று. உங்கள் பாத்திரங்கள் இந்தக் கதையை நம்பலாம், நம்பவும் வேண்டும். கதை சொல்பவராகிய நீங்கள் அதை வரலாறாக எழுதக் கூடாது.

இன்னொரு சந்தேகம் ஆவணங்களின் தன்மையைப் பற்றியது. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் போலீஸ் கைப்பற்றிய பிரதிகள், சித்திரவதைக்குப் பயந்து கொடுத்த வாக்குமூலங்கள், அதிகாரிகளின் அறிக்கைகள். சடங்கில் என்ன சொல்லப்பட்டது என்பது அவற்றில் நன்றாகவே தெரிகிறது. மறுநாள் காலையில் என்ன நடந்தது என்பதை ஊகிக்கத்தான் முடியும். சங்கத்தை ஒழிக்க நினைத்தவர்கள் அதன் கொடூரத்தைப் பெரிதாக்கினார்கள், அதன் வாரிசுகள் அதன் தேசபக்தியைப் பெரிதாக்கினார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

எல்லாச் சீனச் சங்கமும் ஒரே அச்சில் வார்த்தவை என்றும் நினைக்காதீர்கள். ஷாங்காயின் பச்சைக் கும்பலில் அண்ணன் தம்பி முறையை விடக் குரு சீடன் முறைதான் ஓங்கியிருந்தது, தலைமுறை வரிசைதான் அதிகாரம். சிச்சுவானின் பாவோகே சகோதரர்கள் தேநீர்க் கடைகளில் வழக்குத் தீர்த்தார்கள். தகராறில் இருக்கும் இருவரும் ஊரார் முன்னால் உட்கார்ந்து பேச, தோற்றவர் எல்லாருடைய தேநீருக்கும் காசு கொடுப்பார். தேநீர்க் கிண்ணங்களை வைக்கும் விதத்திலேயே வந்தவன் யார், என்ன கேட்கிறான் என்று தெரிந்துகொள்ளும் முறையும் இருந்தது. அதே பாவோகேயில் 1939இல், செங்டு சமவெளியில் ஒரு தலைவர் தன் சொந்த மகளையே ஒழுக்கம் தவறினாள் என்ற சந்தேகத்தின் பேரில் ஆற்றங்கரையில் சுட்டுக் கொன்றார். தலைவனே தன் வீட்டில் விதியை விட்டுக்கொடுத்தால் மற்றவர்கள் முன் முகம் காட்ட முடியாது என்ற நிலை. விதி எவ்வளவு பயங்கரமாக மதிக்கப்பட முடியும் என்பதற்கு இதைவிட எதுவும் வேண்டாம். இன்னொரு முனையில் ஜொகூர் இருக்கிறது. அங்கே ஆட்சியாளரின் அனுமதியோடு ஙீ ஹெங் சங்கம் மிளகும், தோல் பதனிட உதவும் கம்பீர் செடியும் பயிரிட்ட குடியேற்றங்களை நிர்வகித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கலைந்தபோது மிச்சப் பணம் ஃபூன் யூ என்ற சீனப் பள்ளிக்குப் போனது. கீ ஹின்னின் அதே மரபுதான், ஆனால் ஆட்சி அதை நடத்திய விதம் வேறு.

இப்போது கருநாரைச் சங்கத்துக்கு வருகிறேன். உங்கள் பத்து விதிகளில் ரகசியம் காப்பதையும் காட்டிக்கொடுக்காததையும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை எடுத்துவிட்டு, அந்தத் துறைமுகத்தில் ஒருவனுக்கு ஒருவன் என்னென்ன வஞ்சம் செய்ய முடியும் என்று யோசித்து எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்: கப்பலிலிருந்து இறங்கும் ஊர்க்காரனுக்கு மூன்று இரவு சோறும் பாயும் கொடு, அந்த மூன்று நாளுக்குள் அவனிடம் கடன் சீட்டில் கைநாட்டு வாங்காதே. காய்ச்சலில் கிடக்கும் சகோதரனின் மரப்பெட்டியைத் திறக்காதே, திறந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு பேரைச் சாட்சிக்கு வை. ஊருக்குப் போகிறவன் கையில் கொடுத்தனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால், அவன் திரும்பி வரும்போது சங்க வாசலிலேயே நிறுத்து. இறந்தவனின் பெயரைப் பலகையில் எழுதாமல் ஒரு பௌர்ணமியைக் கடத்தாதே. இவை என் கற்பனைதான், எந்தப் பிரதியிலும் இல்லை. ஆனால் அந்த வாழ்க்கையிலிருந்து வருபவை.

அதோடு ஒரு விதியாவது தலைவர்களின் லாபத்துக்காக எழுதியதாக இருக்கட்டும். அபின் விற்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்ட காலம் அது. குத்தகை எடுத்த பணக்காரர்களுக்கு, கள்ள அபின் ஊருக்குள் வராமல் தடுக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள், அந்த ஆட்களைச் சங்கங்கள் கொடுத்தன. எனவே 'அண்ணன் எடுத்த குத்தகைக்கு வெளியே அபின் வாங்கும் சகோதரன் சகோதரனையே கொள்ளையடித்தவன் ஆவான்' என்று ஒரு வரி சேருங்கள். வார்த்தை முழுக்கச் சகோதரப் பாசம், வேலை முழுக்கத் தலைவரின் கஜானாவுக்கு. படிப்பவருக்கு அது ஒருமுறைக்கு இருமுறை படித்த பிறகுதான் உறைக்க வேண்டும். அந்தத் தொழிலாளி களைப்புக்கு அபின் புகைத்தே கடனாளியாகிக் கிடப்பான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. சாவுக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்ததும் அதே சங்கம், அந்தச் சாவை வேகப்படுத்தியதும் அதே சங்கம்.

பதவிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இணையத்தில் 489, 438, 426, 415, 432, 49 என்ற எண்களைப் பார்த்திருப்பீர்கள். மலைத்தலைவர் முதல் சாதாரண உறுப்பினர் வரை இவை குறிக்கும். 426 சிவப்புக் கோல், அடிதடிக்குப் பொறுப்பு. 415 வெள்ளைக் காகித விசிறி, கணக்குக்கும் ஆலோசனைக்கும். 432 புல் செருப்பு, தூது போகிறவர். 49 என்பது நான்கு ஒன்பது முப்பத்தாறு, அதாவது அந்த உறுதிமொழிகளையே குறிக்கிறது. ஆனால் இந்த எண்களை நாம் அறிவது 20ஆம் நூற்றாண்டு ஹாங்காங் வழியாகத்தான். 1870களின் பினாங்கு ஆள் வாயில் அவற்றை வைக்காமல், பெரியண்ணன், வாத்தியார், முன்னோடி, புல் செருப்பு என்று பெயராகவே சொல்லவைப்பது பத்திரமானது. பிற்கால ஹாங்காங்கில் சடங்கே சுருங்கிவிட்டது. ஓர் அண்ணனுக்குச் சிவப்பு உறையில் பணம் கொடுத்து வாய்ச்சொல்லாக ஒப்புக்கொள்வதையே 'நீல விளக்கு மாட்டுவது' என்றார்கள். உறுப்பினர் என்று சொல்லிக்கொள்வதே அங்கே குற்றம் என்பதால், நீண்ட சடங்கு நடத்துவது ஆபத்து. மலேசியாவில் 2013இல் உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 கும்பல்களின் பட்டியலில் 04, 08, 36 போன்ற எண் பெயர்கள் இருந்தன, அவற்றில் நம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். அந்த 36 இந்த 36தானா என்று சிலர் கேட்பதுண்டு. எண் வைக்கும் பழக்கம் சீனச் சங்கங்களிலிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லமாட்டேன்.

கடைசியாக, விதிகளை நாவலில் யார் வாயால் சொல்லவைப்பது என்று கேட்டிருந்தீர்கள். தலைவர் வாயால் வேண்டாம். சடங்கில் முன்னோடி பாடும்போது சின்கேக்குப் பாதி புரியாது. ஹொக்கியன்காரனுக்குக் கான்டனீஸ் பாட்டு எங்கே புரியும்? மறுநாள் பக்கத்துக் கட்டில்காரன் கஞ்சி குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லட்டும், ஒவ்வொன்றுக்கும் அது யாரால் வந்தது என்ற கதையோடு. பெட்டியைத் திறக்காதே என்ற விதிக்கு வரும்போது அவன் ஒருவன் பெயரைச் சொல்வான், அந்த ஆள் அதே கூடத்தில் மூன்றாவது கட்டிலில் படுத்திருப்பான். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்கலாம்.